ஸ்கோர் இறங்குகிறதா? 50 தாண்டிய ஏர் பிஸ்டல்காரர்களுக்கு, அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு வெள்ளைச் சுவர் இருக்கிறது. தினமும் காலை ஆறரைக்கு அதன் எதிரில் நின்று பிஸ்டல் தூக்குகிறேன். எனக்கு வயது 61. 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தொடங்கியது 43 வயதில். 55 வரை ஸ்கோர் மெதுவாக ஏறிக்கொண்டே போனது. அப்புறம் இரண்டே வருடத்தில், 600-க்கு 548-லிருந்து 521-க்கு வந்து நின்றது. ரேஞ்சில் எல்லோரும் அன்பாகத்தான் சொன்னார்கள்: "வயசாகுது இல்ல சார், விடுங்க."

வயது என்று மொத்தமாகச் சொல்லிவிட்டால் எதையும் சரிசெய்ய முடியாது. கண்ணா, தோளா, விரலா, மாத்திரையா என்று பிரித்துப் பார்த்தால் பெரும்பகுதியைச் சரிசெய்யலாம். இன்று 540-க்குப் பக்கத்தில் நிற்கிறேன். அதற்கு நான் செய்தவற்றை, எந்த அறிகுறிக்கு எதைப் பார்ப்பது என்ற வரிசையில் எழுதுகிறேன்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் துருக்கியின் யூசுஃப் டிகெச் சாதாரணக் கண்ணாடியோடு வந்து கலப்பு அணிப் பிரிவில் வெள்ளி வாங்கியபோது அவருக்கு வயது 51. அதே போட்டிக்கு வந்த ஜார்ஜியாவின் நினோ சலுக்வட்ஸேவுக்கு 55. 1988-ல் தொடங்கி அது அவருடைய பத்தாவது ஒலிம்பிக். நாம் அவர்கள் அளவுக்குப் போகப் போவதில்லை. ஆனாலும் இந்த வயதில் இந்த உடம்பால் முடியும் என்பதற்கு அவர்கள் சாட்சி.

நான் சொல்வது நின்ற இடத்தில் ஒரு கையால் சுடும் 10 மீட்டர் பற்றி. ஓடி ஓடிச் சுடும் ப்ராக்டிகல் பிஸ்டலில் 50-ல் சீனியர், 60-ல் சூப்பர் சீனியர் என்று தனிப் பிரிவுகளே உண்டு. அங்கே முழங்காலும் இடுப்பும் தனிக் கதை. கண்ணும் விரலும் பற்றிய பகுதிகள் அவர்களுக்கும் உதவும். வலது கைக்காரர் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இடது கைக்காரர்கள் திசையை மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

எதைத் தொடுவதற்கும் முன் மூன்று நாள் எதையும் மாற்றாமல் சுட்டு, ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரு நாளைக்கு 30 குண்டு போதும். எத்தனை மணி, வெளிச்சம் எப்படி, என்ன சாப்பிட்டீர்கள், என்ன மாத்திரை, குண்டு எங்கே விழுந்தது, எங்கே விழும் என்று நினைத்தீர்கள். பிறகு ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், அதற்கு ஒரு வாரம். கண்ணாடியையும் கிரிப்பையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு எது வேலை செய்தது என்று தெரியாமல் நான் நான்கு மாதம் வீணாக்கினேன்.

முன் சைட் மங்கலாகத் தெரிகிறது

இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். முன் சைட் என்பது குழாயின் முனையில் நிற்கும் சிறு கட்டை; கண்ணுக்குப் பக்கமுள்ள பின் சைட்டின் பிளவுக்கு நடுவில் அதை வைத்து, டார்கெட்டின் கறுப்பு வட்டத்தைக் குறி பார்க்கிறோம். 50 தாண்டிய ஒருவர் ஸ்கோர் இறங்குகிறது என்று வந்தால், கையைப் பற்றிப் பேசும் முன் அவர் கண்ணாடியைக் கழற்றித் தரச் சொல்லித்தான் ஆரம்பிப்பேன்.

நாற்பதுக்கு மேல் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் கெட்டியாகிவிடுகிறது. கிட்டத்தில் உள்ளதைப் பார்க்க அது வளைந்து கொடுப்பதில்லை. சாளேஸ்வரம், வெள்ளெழுத்து என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது இதைத்தான். பேப்பர் படிக்க ஒரு கண்ணாடி, பஸ் போர்டு பார்க்க ஒரு கண்ணாடி என்று கடையில் கொடுத்துவிடுவார்கள். பிஸ்டலின் முன் சைட் இரண்டு தூரத்திலும் இல்லை. இரண்டுக்கும் நடுவில், யாரும் கண்ணாடி செய்து தராத தூரத்தில் இருக்கிறது.

அந்தத் தூரத்தை அளந்துவிடுங்கள். சுடும் நிலையில் நின்றுகொண்டு, பேரனைக் கண்ணோரத்திலிருந்து முன் சைட் வரை டேப் பிடிக்கச் சொன்னேன். 94 செ.மீ. உங்களுக்குச் சில செ.மீ. கூடலாம், குறையலாம். ஒன்றை இந்தத் தூரத்தால் (மீட்டரில்) வகுத்தால் லென்ஸ் பவர் கிடைக்கும்: எனக்குச் சுமார் +1.00. ஆனால் முழு +1.00 போட்டால் சைட் கத்திபோல் தெரியும், கறுப்பு வட்டம் கரைந்துவிடும். அதனால் உங்கள் தூரப் பார்வைப் பவரோடு +0.50 அல்லது +0.75 மட்டும் கூட்டுவதுதான் வழக்கம். சைட் தெளிவாக இருக்கும், வட்டம் கொஞ்சம் மெத்தென்று தெரியும். அப்படித்தான் தெரிய வேண்டும். 60 வயதுக்காரரின் ரீடிங் கண்ணாடியில் பொதுவாக +2.00-க்கு மேல் கூட்டியிருப்பார்கள். அது அரை மீட்டருக்குள் உள்ளதற்கானது. அதைப் போட்டுக்கொண்டு சுட்டால் சைட்டும் தெரியாது, டார்கெட்டும் தெரியாது.

கண்ணாடிக் கடைக்குப் பிஸ்டலை எடுத்துப் போகாதீர்கள், பார்ப்பவர்கள் பயப்படுவார்கள். நான் ஒரு மரச் சட்டத்தின் ஒரு முனையில் கறுப்பு அட்டையை 4.5 மி.மீ. அகலத்துக்கு வெட்டி ஒட்டினேன். கையை நீட்டிப் பிடித்தால் அந்த அட்டை கண்ணிலிருந்து சரியாக 94 செ.மீ. தள்ளி நிற்கும்படி சட்டத்தில் பிடிக்க வேண்டிய இடத்தை பேனாவால் குறித்துக்கொண்டேன். கடைத் தம்பி டிரையல் ஃப்ரேமில் ஒவ்வொரு லென்ஸாகப் போட, எதிர்ச் சுவரில் ஒட்டிய கறுப்பு வட்டத்தை அந்த அட்டை வழியாகப் பார்த்தேன்.

"என்னா சார், இவ்ளோ தூரத்துல வச்சா படிக்கப் போறீங்க?" என்றான்.

"படிக்க இல்லப்பா, குறி பாக்க."

அதற்குப் பிறகு அவனே ஆர்வமாகி, 0.25 வித்தியாசத்தில் ஆறு லென்ஸ் மாற்றிக் காட்டினான். அரை மணி நேரம் ஆனது. என் துப்பாக்கி வாழ்க்கையில் அவ்வளவு பயன் தந்த அரை மணி நேரம் வேறு இல்லை. அதற்கு முன் வேறொரு கடையில் கேட்கவே கேட்காமல் பிராக்ரஸிவ் லென்ஸ் செய்து கொடுத்திருந்தார்கள். அதில் மேலிருந்து கீழே பவர் மாறிக்கொண்டே போகும். தலையை அரை அங்குலம் சாய்த்தால் சைட்டின் தெளிவு மாறும். நாம் பக்கவாட்டில் நின்று தலையைத் திருப்பிப் பார்ப்பதால் கண்ணாடியின் நடுவில் பார்ப்பதும் இல்லை. சுடுவதற்கு ஒரே பவர் லென்ஸ்தான் வேண்டும். லென்ஸைத் திருப்பி நகர்த்தும் தனி ஃப்ரேம்கள் உண்டு, நல்லவை, விலை அதிகம். சாதாரண ஃப்ரேமிலும் நீங்கள் நிற்கும் கோணத்துக்கு ஏற்ப லென்ஸின் மையத்தைக் குறித்துத் தரச் சொல்லலாம்.

கண்ணாடி மாற்றிய பிறகும் குறை இருந்தால், எப்படி மங்குகிறது என்று கவனியுங்கள். வட்டம் பளிச்சென்று இருந்து சைட் பஞ்சுபோல் இருந்தால் 0.25 கூட்டுங்கள். சைட் தெளிவாக இருந்து வட்டம் எங்கே என்றே தெரியாவிட்டால் 0.25 குறையுங்கள். சைட்டின் ஓரம் இரட்டையாக, பக்கத்தில் ஒரு சாம்பல் நிழலோடு தெரிந்தால் கண்ணாடியில் சிலிண்டர் பவரின் (விழியின் கோணல் வளைவைச் சரிசெய்யும் பவர்) கோணம் தவறியிருக்கலாம், அல்லது கண்புரை தொடக்கம். இரவில் லாரி விளக்குகளைச் சுற்றி வளையம் தெரிகிறதா, வெள்ளை வேட்டி மஞ்சளாகத் தெரிகிறதா? அப்போது கண்ணாடிக் கடை வேண்டாம், கண் டாக்டரிடம் போங்கள். புரை அறுவைக்கு நாள் குறிக்கும் முன்பே, நான் துப்பாக்கி சுடுபவன், குறி பார்ப்பது இந்தக் கண் என்று டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். பல தூரத்துக்கான உள்விழி லென்ஸ் வெளிச்சத்தைப் பங்கு போடுகிறது. சைட்டின் கறுப்பு கொஞ்சம் வெளுத்துப் போகும். தூரத்துக்கான ஒற்றை லென்ஸ் வைத்துக்கொண்டு, சுடும்போது +0.75 கண்ணாடி போடுவது நமக்கு நல்லது என்பது என் எண்ணம். முடிவு டாக்டரும் நீங்களும் பேசி எடுப்பது.

முதல் நான்கு நொடி தெளிவு, அப்புறம் மங்கல் என்றால் அது பவர் குறை இல்லை. இமைக்காமல் வெறிப்பதால் கண் காய்கிறது. கை தூக்கும் முன் இரண்டு மூன்று முறை நன்றாக இமையுங்கள், ஃபேன் முகத்தில் அடிக்காத இடத்தில் நில்லுங்கள்.

வயதானால் கண்மணியும் சுருங்குகிறது. இளைஞர்களைவிட நமக்கு வெளிச்சம் கூடுதலாக வேண்டும். பின் சைட்டின் பிளவை ஒரு படி அகலமாக்கிப் பாருங்கள். முன் சைட்டின் இரு பக்கமும் வெள்ளை இடைவெளி நன்றாகத் தெரியும்போது நடுவில் வைப்பது எளிது. இளம் வயதில் குறுகலாக வைத்தேன், இப்போது மனமாற அகட்டி வைத்திருக்கிறேன். இடது கண்ணை இறுக்கி மூடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். வலது கண்ணும் சேர்ந்து சுருங்கும். 30 மி.மீ. அகலம் வரை மறைப்பு வைத்துக்கொள்ள விதி அனுமதிக்கிறது. கறுப்பு வேண்டாம், வெளிச்சம் உள்ளே வருகிற பால்வெள்ளை பிளாஸ்டிக் நல்லது.

கை ஆடுகிறது

எல்லோருக்கும் ஆடுகிறது. இதில் ஒரு கணக்கை மட்டும் புரிந்துகொண்டால் பயம் பாதி போய்விடும்.

டார்கெட்டின் நடுவில் உள்ள 10-ம் வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ. குண்டு 4.5 மி.மீ. வளையத்தின் கோட்டைத் தொட்டாலே பத்து என்பதால், குண்டின் மையம் நடுவிலிருந்து எந்தப் பக்கமும் 8 மி.மீ. விலகலாம். இரண்டு சைட்டும் நேர்கோட்டில் இருக்க, கை முழுவதும் 8 மி.மீ. ஆடினால் அப்போதும் பத்துதான். ஆனால் இரண்டு சைட்டுக்கும் இடையே சுமார் 32 செ.மீ. தான். அங்கே முன் சைட் கால் மில்லிமீட்டர் கோணினால் 10 மீட்டர் தள்ளி அது 8 மி.மீ. ஆகிவிடுகிறது. ஒரு மி.மீ. கோணினால் 31 மி.மீ., அதாவது ஏழில் போய் விழும்.

ஆகவே கை ஆடட்டும். சைட் கோணக் கூடாது. மணிக்கட்டை இறுக்கிப் பூட்டுங்கள், கை முழுவதும் ஒரே கட்டையாக அசையட்டும், கண் முன் சைட்டைவிட்டு நகராமல் இருக்கட்டும். ஆட்டத்தை நிறுத்தப் பார்த்துக்கொண்டே காத்திருப்பதுதான் நம் வயதுக்காரர்கள் செய்யும் தவறு. வட்டத்துக்குக் கீழே இறங்கியதிலிருந்து 8 நொடிக்குள் குண்டு போகவில்லையா, கையை இறக்கிவிடுங்கள். ஒன்பதாவது நொடியில் சுட்ட நல்ல குண்டு என் நோட்டில் அரிது.

ஆட்டம் முன்பைவிட அதிகமாகிவிட்டது என்றால் காரணம் தேடுங்கள். வெறும் வயிற்றில் வந்தீர்களா? சர்க்கரைக்காரர்களுக்குச் சர்க்கரை இறங்கும்போது கை நடுங்கும், வியர்க்கும். அந்த நேரத்தில் சுடுவது ஆபத்தும்கூட. காபி எத்தனை? ஆஸ்துமாவுக்கு சால்புடமால் பஃப் இழுத்தால் சில மணி நேரம் விரல் நடுங்கலாம். பஃப்பை நிறுத்தாதீர்கள், நேரத்தைக் கவனியுங்கள். தைராய்டு பரிசோதனை செய்து எத்தனை வருடம் ஆயிற்று? மடியில் சும்மா வைத்திருக்கும்போதே ஒரு கை நடுங்கினால், கையெழுத்து சின்னதாகிக்கொண்டே வந்தால், நரம்பு டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப் போடாதீர்கள்.

இப்போது மாத்திரை. இதை யாரும் சொல்லித் தருவதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பீட்டா பிளாக்கர் என்ற வகை மருந்துகள் இதயத் துடிப்பைக் குறைக்கும், நடுக்கத்தையும் குறைக்கும். அதனாலேயே துப்பாக்கி சுடுதலில் போட்டி நாளிலும் மற்ற நாளிலும் அவை தடை செய்யப்பட்டவை. ப்ரொப்ரனலால், அட்டெனலால், மெட்டொப்ரொலால் எல்லாம் இதில் சேரும். பிரஷருக்கும் இதயத்துக்கும் நம் வயதில் சாதாரணமாக எழுதிக் கொடுக்கும் மாத்திரைகள் இவை. கண் அழுத்த நோய்க்கு ஊற்றும் டிமோலால் சொட்டு மருந்தும் இதே வகைதான். இன்னொரு பக்கம், பிரஷர் மாத்திரையோடு சேர்ந்து வரும் ஹைட்ரோகுளோரோதையசைட், குளோர்தாலிடோன் போன்ற நீர் பிரியும் மருந்துகள் எல்லா விளையாட்டுக்கும் தடை. இன்சுலினும் முன் அனுமதி வாங்க வேண்டிய பட்டியலில் இருக்கிறது. மெட்ஃபார்மின், ஆம்லோடிபின், டெல்மிசார்ட்டன் தனியாக என்றால் தடை இல்லை. ஆனால் அட்டையின் பின்பக்கம் படியுங்கள்: பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் ஒன்றிரண்டு எழுத்துதான் கூட்டு மருந்து என்று காட்டும்.

எந்த மாத்திரையையும் போட்டிக்காக நீங்களாக நிறுத்தாதீர்கள். பீட்டா பிளாக்கரைத் திடீரென்று விட்டால் நெஞ்சுவலியும் மாரடைப்பும்கூட வரலாம். டாக்டரிடம் போய், இந்த விளையாட்டில் இது தடை, வேறு வகை தர முடியுமா என்று கேளுங்கள். எனக்கு மாற்றித் தந்தார், மூன்று வாரம் தினமும் பிரஷர் பார்த்து எழுதினோம். மாற்ற முடியாது என்று டாக்டர் சொன்னால் உயிர்தான் முதலில். ரேஞ்சுக்குப் போய் நண்பர்களோடு சுடுவதை அது தடுக்காது. பதக்கப் போட்டிக்குப் பெயர் கொடுக்கும் முன் சங்கத்தில் மருத்துவ விலக்கு பற்றிப் பேசிக்கொள்ளுங்கள்.

குண்டு இடது கீழ்ப் பக்கமாகவே போகிறது

டிரிகரை இழுக்கும்போது மற்ற விரல்களும் சேர்ந்து இறுகுகின்றன. எந்த வயதிலும் வரும் குறைதான். ஆனால் நம் வயதில் இதற்குக் கூடுதலாக ஒரு காரணம் இருக்கலாம்: விரல் நுனியில் உணர்ச்சி குறைந்திருப்பது. நம் டிரிகர் இரண்டு கட்டமாக நகரும்; முதல் கட்டம் முடியும் இடத்தில் விரலுக்கு ஒரு தடை தெரியும், அதற்கு மேல் இழுத்தால் குண்டு போகும். சர்க்கரை நோய் பல வருடம் இருந்தால் அந்த முதல் தடையைத் தொட்டுவிட்டோமா என்றே தெரியாது, தெரியாததால் மொத்தமாக இழுப்போம். கண்ணை மூடிக்கொண்டு, குண்டு இல்லாத பிஸ்டலில் முதல் தடை வரை மட்டும் இழுத்து நிறுத்திப் பாருங்கள். பத்தில் இரண்டு முறைக்கு மேல் தாண்டிப்போனால், முதல் கட்டத்தின் எடையைக் குறைத்து, இரண்டாவதைக் கூட்டுங்கள். மொத்தம் 500 கிராமுக்குக் கீழே போகக் கூடாது. போட்டியில் எடையைத் தொங்கவிட்டுச் சோதிப்பார்கள். 510-520-ல் வைத்தால் நிம்மதி.

வட சென்னைக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. கேரம் ஆடாத கை இங்கே ஏது? 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா புதுவண்ணாரப்பேட்டை பக்கத்துப் பெண். நன்றாக ஆடுகிறவர்கள் ஸ்ட்ரைக்கரைச் சுண்டும்போது உள்ளங்கையைப் பாருங்கள், போர்டில் ஒட்டியது போல் இருக்கும், விரல் மட்டும்தான் போகும். ராயபுரத்தில் எனக்குக் கேரம் சொல்லிக்கொடுத்த அண்ணன் என் மணிக்கட்டின் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, விழாமல் சுண்டச் சொல்வார். அதே நாணயத்தை இன்று பிஸ்டலின் மேல் வைத்து டிரை ஃபயர் (குண்டு இல்லாமல் டிரிகரை இழுக்கும் பயிற்சி) செய்கிறேன். நாணயம் விழாமல் இருபது முறை வந்தால் அன்றைய விரல் வேலை முடிந்தது. டிரை ஃபயருக்கு முன் குண்டு இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் பாருங்கள், அப்புறம் இன்னொரு முறை பாருங்கள். வீட்டில் பிள்ளைகள் வரும் பக்கம் குழாய் திரும்பவே கூடாது.

காலையில் விரல் மூட்டு விறைத்திருந்தால் வெந்நீரில் ஐந்து நிமிடம் வைத்துவிட்டுத் தொடங்குங்கள். மடக்கிய விரல் டக்கென்று மாட்டிக்கொண்டு நிமிர மறுத்தால் சிகிச்சை இருக்கிறது, பொறுத்துக்கொண்டு சுட வேண்டாம்.

க்ரூப், அதாவது குண்டுகள் விழுந்த கூட்டம், இறுக்கமாக இருந்து மொத்தமாக ஒரு பக்கம் தள்ளி விழுந்தால் அது வேறு விஷயம், நல்ல விஷயமும்கூட. ஐந்து குண்டு பார்த்துவிட்டு சைட்டைத் திருகுங்கள், அவ்வளவுதான். தினமும் வேறு வேறு பக்கம் தள்ளினால் கிரிப்பைப் பாருங்கள். ஐப்பசி மழையில் விரல் ஒரு அளவு, கத்திரி வெயிலில் வீங்கி வேறு அளவு. மரப்புட்டி வைத்துச் செதுக்கிய கிரிப் ஒரு காலத்துக்குப் பொருந்தினால் இன்னொன்றுக்குப் பொருந்தாது. மோதிரத்தைக் கழற்றிவிட்டுப் பிடியுங்கள்.

முதல் 40 நன்றாகப் போகிறது, கடைசி 20 சிதறுகிறது

60 குண்டுக்கு எலெக்ட்ரானிக் டார்கெட்டில் 75 நிமிடம். அதற்கு முன் தயாராகவும் பழக்கச் சூடுக்கும் 15 நிமிடம். மொத்தம் ஒன்றரை மணி நேரம் நிற்கிறோம். கை களைத்துவிட்டது என்று நினைப்போம். பெரும்பாலும் முதலில் போவது கால்.

ஒரு குண்டுக்கு 75 நொடி என்று வருகிறது, அதில் பிஸ்டல் மேலே இருப்பது 15 நொடி கூட இல்லை. மிச்ச நேரத்தில் என்ன செய்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. இளைஞர்கள் நின்றுகொண்டே அடுத்த குண்டைப் போடுவார்கள். நான் பத்து குண்டுக்கு ஒருமுறை பிஸ்டலைப் பாதுகாப்பாக மேஜையில் வைத்துவிட்டு நாற்காலியில் இரண்டு நிமிடம் உட்காருகிறேன், கண்ணை மூடிக்கொள்கிறேன். இப்படி ஐந்து முறை உட்கார்ந்தாலும் பத்து நிமிடம்தான், நேரம் இருக்கிறது. முதல் முறை உட்கார்ந்தபோது கூச்சமாக இருந்தது. கடைசிப் பத்தில் 85-லிருந்து 90-க்கு வந்ததும் கூச்சம் போய்விட்டது.

தண்ணீர் ஒரேயடியாகக் குடித்தால் நடுவில் பாத்ரூம் நினைப்பு வரும். புராஸ்டேட் உள்ளவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முன்னதாக ஒரு மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துவிட்டு, லேனில் வாய் நனைக்க மட்டும். வியர்த்துக் கொட்டும் நாளில் உப்புப் போட்ட மோர்.

காலுக்கு, காலையில் பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நில்லுங்கள், பக்கத்தில் பிடிக்க வாஷ்பேசின் இருக்கட்டும். 20 நொடி நிற்க முடியாவிட்டால் உங்கள் பிஸ்டல் ஆட்டத்தில் பாதி அங்கிருந்துதான் வருகிறது. உள்ளங்கால் மரத்துப்போகும் சர்க்கரைக்காரர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள். ஷூ தட்டையான அடி, கணுக்கால் எலும்பை மூடாத உயரம். மூடினால் பிஸ்டல் போட்டியில் விட மாட்டார்கள். மெத்தென்ற நடைப்பயிற்சி ஷூவில் நின்று சுடுவது மணலில் நின்று சுடுவது மாதிரி.

தூக்கும்போது தோள்பட்டை வலிக்கிறது

கை பக்கவாட்டில் பாதி உயரம் ஏறும்போது வலித்து, முழுக்க ஏறியதும் குறைந்தால், தோள் மூட்டின் மேல் தசைநார் உரசுகிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். நாம் பிஸ்டலை நிறுத்துவது சரியாக அந்த உயரத்தில்தான். ராத்திரி அந்தப் பக்கம் படுக்க முடியாமல் வலித்தாலோ, சட்டை மாட்டவே கை ஏறாவிட்டாலோ எலும்பு டாக்டரிடம் போங்கள். சர்க்கரைக்காரர்களுக்குத் தோள் உறைந்துபோவது அதிகம்.

லேசான வலி என்றால் முதலில் எண்ணிக்கையைக் குறையுங்கள். 60 குண்டு என்றால் 60 முறை தூக்குவது இல்லை. இறக்கி இறக்கித் தூக்குவதையும் சேர்த்தால் நூறு தாண்டும். நான் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் முழு 60, மற்ற நாளில் 25 தூக்கல். பிஸ்டலில் மாட்டியிருக்கும் கூடுதல் எடைகளைக் கழற்றுங்கள். எடை அதிகமானால் ஆட்டம் குறையும் என்று இளைஞர்கள் சொல்வது 20 வயது தோளுக்குச் சரி. முழங்கையை இடுப்போடு ஒட்டிக்கொண்டு ரப்பர் பட்டையை வெளிப்பக்கம் இழுக்கும் பயிற்சி, 15 முறை, இரண்டு தடவை, ஒருநாள் விட்டு ஒருநாள். இரண்டு மாதத்தில் வித்தியாசம் தெரிந்தது.

வலது தோள் இனி முடியாது என்றே ஆகிவிட்டால் இடது கை இருக்கிறது. ஹங்கேரியின் கரோலி டாகாச் 1938-ல் கையெறி குண்டில் வலது கையை இழந்து, இடது கையால் பழகி 1948-லும் 1952-லும் ஒலிம்பிக் தங்கம் வாங்கினார். எங்கள் ரேஞ்சிலேயே ஒரு பெரியவர் 58-ல் கை மாற்றிச் சுடுகிறார். ஒரு வருடம் பிடித்தது அவருக்கு.

வீட்டில் நன்றாக இருக்கிறது, போட்டியில் இல்லை

கடைசி நேரத்தில் கிளம்பாதீர்கள். எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரி வரிசையில் ஒருமுறை மாட்டி, ஓட்டமாக ஓடி லேனுக்குப் போய், முதல் பத்து குண்டு 79. இப்போது மெட்ரோவில் போய், ஒரு மணி நேரம் முன்னதாக உட்கார்ந்துவிடுகிறேன். வெயிலிலிருந்து உள்ளே வந்த கண் உள் வெளிச்சத்துக்குப் பழகவும் நமக்கு நேரம் கூடுதலாக ஆகிறது. எப்படிப் போனாலும் பிஸ்டல் பூட்டிய பெட்டியிலேயே இருக்கட்டும், ரசீதும் சங்க அட்டையும் கூடவே. .177 அளவில் 20 ஜூலுக்கு மிகாத ஏர் பிஸ்டலுக்கு லைசென்ஸ் வேண்டியதில்லை; நம்முடையது 6 ஜூல் அளவுதான். ஆனாலும் பெட்டியைத் திறந்தால் பார்ப்பவர்களுக்கு அது துப்பாக்கிதான். மெட்ரோவிலும் ரயிலிலும் என்ன விதி என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் குண்டு மேலும் கீழுமாகப் போகிறது

அப்போது பிஸ்டலைப் பாருங்கள். காசிமேட்டு உப்புக் காற்று எங்கள் வீட்டுக் கதவுக் கீலையே ஒரு வருடத்தில் தின்றுவிடும். சுட்டு முடித்ததும் வியர்வையைத் துடைத்து, மெல்லிய எண்ணெய்த் துணியால் இரும்புப் பாகங்களைத் தடவி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பெட்டியில் வையுங்கள். பெட்டிக்குள் இருக்கும் ஸ்பாஞ்ச் ஈரம் பிடிக்கும், மாதம் ஒருமுறை வெயிலில் காட்டுங்கள். பிஸ்டலின் காற்றுச் சிலிண்டரில் அழுத்தம் குறைந்துகொண்டே வந்தால் ரப்பர் வளையம் தேய்ந்திருக்கும். பத்து ரூபாய்ப் பொருளுக்காகப் புதுப் பிஸ்டல் வாங்க யோசித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நம் மாதிரிப் பழைய ஆட்களிடம் பழைய பிஸ்டல்தான் இருக்கும். சிலிண்டரில் தயாரித்த மாதமும் வருடமும் பொறித்திருக்கும். 200 பார் அழுத்தம் தாங்கும் அந்தச் சிலிண்டருக்குப் பெரும்பாலான கம்பெனிகள் கொடுக்கும் ஆயுள் 10 வருடம். தேதி தாண்டியதை நிரப்பாதீர்கள், அது உங்கள் முகத்துக்கு ஒரு முழம் தூரத்தில் இருக்கிறது. என்னுடையதில் தேதி முடிந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது, இந்த வரிசைப்படி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தபோதுதான் கண்ணில் பட்டது. அன்றைக்கே காற்றை மெதுவாகத் திறந்துவிட்டு, புதிதுக்குச் சொல்லி வைத்தேன். வர ஏழு வாரம் ஆனது; அதுவரை வெள்ளைச் சுவரும் ஒரு ரூபாய் நாணயமும்தான்.